குழந்தை முகம் கறுப்பு வெள்ளையில் ஏன் சாம்பல் பூத்துப்போகிறது?

சாளரம்:
வணக்கம். மூன்று வயது மகளைச் சன்னலோரம் உட்காரவைத்துப் போன வாரம் நாற்பது படம் வரை எடுத்தேன். அதில் ஒன்று மனதைவிட்டுப் போகவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து வெளியே எதையோ பார்க்கிறாள். கீழ் உதட்டில் எச்சில் ஒரு புள்ளியாக மின்னுகிறது. குறை என்னவென்றால் போட்டிருந்தது பளீர் ஆரஞ்சு கவுன், பின்னால் பச்சைத் திரை. பார்க்கிறவர்கள் எல்லோரும் "கவுன் அழகு" என்கிறார்கள். முகத்துக்கு யாரும் வரவே இல்லை.

சரி, கறுப்பு வெள்ளையாக்கிவிடலாம் என்று லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில் சாச்சுரேஷனை (வண்ணச் செறிவை) அடிவரை இழுத்தேன். முகம், கவுன், திரை மூன்றும் ஒரே சாம்பல். கன்னத்துச் சிவப்பு அழுக்குத் திட்டு மாதிரி நிற்கிறது. கண் இரண்டும் கரிக்குழி. கான்ட்ராஸ்டை ஏற்றினால் நெற்றி வெளுக்கிறது, கண் இன்னும் உள்ளே போகிறது.

எடுத்ததில் தவறா, மாற்றியதில் தவறா? கேமரா பதிந்ததை மாற்றாமல் வைத்திருக்கும் ரா கோப்பு கையில் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிக்சல்பித்தன்:
அக்கா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எடுத்ததில் தவறு இல்லை. சாச்சுரேஷனை இறக்கினால் மென்பொருள் வண்ணத்தைப் பிடுங்கிவிட்டு மிச்சமிருக்கும் வெளிச்சத்தைக் காட்டும், அவ்வளவுதான். எந்த வண்ணம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்று நீங்கள் எதுவும் சொல்லவில்லை. அதுவாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது.

அந்தக் கணக்கு இடத்துக்கு இடம் வேறு. போட்டோஷாப்பில் டீசாச்சுரேட் (வண்ணநீக்கம்) கொடுத்தால், ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் பெரிய எண்ணையும் சிறிய எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கிறது. சுத்தச் சிவப்பு, சுத்தப் பச்சை, சுத்த நீலம் மூன்று கட்டம் வரைந்து அதில் போட்டுப் பாருங்கள். 255 அளவில் மூன்றும் 128-ஐ ஒட்டி ஒரே சாம்பலாக வரும். நம் கண்ணுக்கு நீலம் இருட்டு, பச்சை வெளிச்சம். அந்த வேறுபாடு போயே போச்சு.

இன்னொரு கணக்கு, கண்ணின் உணர்வை ஒட்டி எடை போடுவது. பழைய தொலைக்காட்சித் தரத்தில் சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114. எச்டி தரத்தில் 0.2126, 0.7152, 0.0722. எச்டி எடையை வைத்தால் அதே மூன்று கட்டமும் 54, 182, 18 என்று பிரிந்து நிற்கும். இது கண்ணுக்கு நெருக்கம். ஆனாலும் உங்கள் படத்தில் கவுன், திரை, கன்னம் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம் என்றால் இந்த எடையும் கைகொடுக்காது. அவற்றைப் பிரித்துக்காட்டியது வண்ணம் மட்டும்தான். அதை எடுத்தபின் பிரிக்க ஒன்றும் இல்லை.

கிம்ப் என்ற இலவச மென்பொருள் வைத்திருப்பவர்கள் டீசாச்சுரேட்டில் உள்ள ஐந்து முறைகளிலும் ஒரே முகத்தைப் போட்டுப் பாருங்கள். ஐந்து குழந்தை மாதிரி இருக்கும்.

ஓரவெளிச்சம்:
தம்பி கணக்கைச் சொல்லிவிட்டார், நான் கைவேலையைச் சொல்கிறேன். குழந்தைகளைப் படமெடுப்பதுதான் எனக்குத் தொழில்.

முதலில் வண்ணத்திலேயே வைத்து, வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி வைட் பேலன்ஸைச் சரிசெய்யுங்கள். கறுப்பு வெள்ளைக்கு அது எதற்கு என்று பலர் தாண்டிப் போகிறார்கள். வைட் பேலன்ஸ் மஞ்சள் பக்கம் சாய்ந்திருந்தால் தோலின் சாயலே நகர்ந்துவிடும். அப்புறம் எந்த ஸ்லைடர் எதைத் தொடுகிறது என்று பிடிபடாது.

பிறகு சாச்சுரேஷனை மறந்துவிட்டு, மேலே கறுப்பு வெள்ளை என்று இருப்பதைத் தட்டுங்கள். வண்ணக் கலவை எட்டு ஸ்லைடராக விரியும். மனிதத் தோல் வெளுப்போ மாநிறமோ கறுப்போ, அதன் சாயல் பெரும்பாலும் ஆரஞ்சில்தான் விழும். கறுத்த தோல் என்பது இருண்ட ஆரஞ்சு. உதடு, கன்னச் சிவப்பு, காது மடலின் ஓரம், அழுது முடித்த மூக்கு நுனி எல்லாம் சிவப்பில்.

உங்கள் கன்னத் திட்டுக்கு மருந்து சிவப்பு ஸ்லைடர். மெல்ல ஏற்றுங்கள்: 10, 15, 20. திட்டு சுற்றியுள்ள தோலோடு கரைகிற இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். அதைத் தாண்டினால் உதடு காணாமல் போகும். குழந்தைக்கு உதட்டுக் கோடே மெல்லியது, அதுவும் போனால் வாய் இருந்த இடத்தில் ஒரு மடிப்புதான் மிஞ்சும். பூச்சிக்கடித் தடிப்பும் இதே ஸ்லைடரில் அடங்கிவிடும், தனியாக அழிக்க வேண்டியதில்லை.

திரை சுலபம். பச்சையை இறக்கினால் பின்னணி இருண்டு முகம் முன்னால் வரும். ஆனால் தாடைக்கு அடியில் ஒரு கண் வையுங்கள். சன்னலுக்கு வெளியே புல்லோ செடியோ இருந்தால் அதன் பச்சை எதிரொளித்துக் கழுத்தில் ஏறியிருக்கும். பச்சையை இறக்கும்போது அந்த இடம் மட்டும் கறுத்து, அழுக்குத் துணி சுற்றினாற்போல் ஆகிவிடும்.

தலைவலி கவுன்தான். தோலும் ஆரஞ்சு, கவுனும் ஆரஞ்சு. ஒரே ஸ்லைடர் இரண்டையும் சேர்த்து இழுக்கும். லைட்ரூமோடு நிற்பதென்றால் கவுனுக்கு மட்டும் மாஸ்க் போட்டு (அந்த இடத்தை மட்டும் தேர்ந்து) எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, அரை ஸ்டாப் (0.5) இறக்குங்கள். போட்டோஷாப் இருந்தால் இன்னும் நல்ல வழி உண்டு. கறுப்பு வெள்ளை லேயருக்குக் (அடுக்குக்கு) கீழே நிறத்தை மாற்றும் ஹியூ சாச்சுரேஷன் லேயர் ஒன்று போட்டு, மாஸ்கில் கவுனை மட்டும் விட்டு, அதை நீலமாக்கிவிடுங்கள். நீலக் கவுனை யாரும் பார்க்கப்போவதில்லை. இனி மேலேயுள்ள லேயரில் நீல ஸ்லைடர் கவுனுக்கு, சிவப்பும் மஞ்சளும் முகத்துக்கு. ஒன்றை அசைத்தால் மற்றது அசையாது.

வண்ணக்குடை:
இவ்வளவு சுற்ற வேண்டாம். ஆரஞ்சை 40 வரை ஏற்றுங்கள், முகம் பளிச்சென்று வந்துவிடும். என் மகன் படத்தை அப்படித்தான் செய்தேன். பார்த்த எல்லோரும் நல்ல நிறமாக இருக்கிறான் என்றார்கள்.

சாளரம்:
இரண்டும் செய்து பார்த்தேன். சிவப்பு 18-இல் கன்னத் திட்டு கரைந்துவிட்டது, நம்பவே முடியவில்லை. பச்சையை 30 இறக்கினேன், திரை அடங்கியது.

பிறகு வண்ணக்குடை சொன்னபடி ஆரஞ்சை 35-க்கு ஏற்றினேன். முகம் பளிச்சென்றுதான் இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "யார் குழந்தைம்மா இது?" என்றார். மகள் மாநிறத்துக்கும் ஒரு படி கூடுதல் கறுப்பு. என்னைப் போல. ஸ்லைடரைத் திரும்ப 5-க்குக் கொண்டுவந்த பிறகுதான் மூக்கும் கன்னமேடும் அவளுடையதாகத் தெரிந்தது. எனக்கு இதில் மனம் கொஞ்சம் சங்கடப்பட்டுவிட்டது.

ஓரவெளிச்சம்:
இந்த இடத்தில் நான் நின்று பேச வேண்டும்.

எனக்கு ஐந்து வயதில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம் வீட்டில் இருக்கிறது. கறுப்பு வெள்ளை, கையகல அளவு. இரட்டைச் சடை, கையில் பிளாஸ்டிக் பூ. கையும் காலும் என் நிறத்தில் இருக்கின்றன. முகம் மட்டும் வெண்கலப் பாத்திரத்தைத் துலக்கினாற்போல் வெளுத்திருக்கிறது. மூக்கின் பக்கவாட்டு நிழல் இல்லை, கண்ணுக்குக் கீழே இருக்கும் மடிப்பு இல்லை. அந்த முகத்தை நான் கண்ணாடியில் ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டில் யாரும் தவறாக நினைத்துச் செய்யவில்லை, ஸ்டூடியோக்காரரும் நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார். ஆனால் ஐந்து வயதில் நான் எப்படி இருந்தேன் என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு படம் கிடையாது. இருப்பது அது ஒன்றுதான்.

அதனால் என்னிடம் வரும் எந்தக் குழந்தைக்கும் ஆரஞ்சை 10-க்கு மேல் ஏற்றுவதில்லை. சில படங்களில் இறக்கவும் செய்கிறேன். கறுத்த தோலில் வெளிச்சம் விழும்போது நெற்றி மேடும் கன்ன மேடும் மெழுகிட்டாற்போல் மினுங்கும். அந்த மினுக்கமும் பக்கத்தில் இறங்கும் நிழலும்தான் முகத்தின் வடிவம். ஆரஞ்சை ஏற்றினால் நிழல் மேலே வந்து மினுக்கத்தோடு கலந்துவிடும், தட்டையாகிவிடும். அழகு என்று பார்த்தாலும் நஷ்டம்தான்.

வண்ணக்குடை, உங்களைக் குறைசொல்ல எழுதவில்லை. மகன் படத்தை இன்னொருமுறை திறந்து பாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இருட்டறை:
ஓரவெளிச்சம் சொன்ன படம் எப்படி ஆனது என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் நின்றவன் நான்.

நெகட்டிவின் மேல் பென்சிலால் தீட்டுவார்கள். சரிவான கண்ணாடி மேசை, அடியில் விளக்கு, கையில் ஊசிபோலச் சீவிய பென்சில். முதலில் நெகட்டிவில் ஒரு வார்னிஷ் தடவினால்தான் கரி பிடிக்கும். நெகட்டிவில் கறுப்பு கூடினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். அம்மைத் தழும்பு, பரு, கண்ணடிக் கோடு இவற்றை நீக்கத்தான் அந்த வித்தை. சின்னச் சின்ன வட்டமாக, கமா வடிவமாகத் தீட்டிக்கொண்டே போவார்கள். நிறுத்தத் தெரியாதவர் கையில் முகமே வெளுத்துவிடும். முகம் மட்டும் வெளுத்துக் கை அப்படியே இருப்பதற்குக் காரணம் அதுதான், கையில் யாரும் பென்சில் வைப்பதில்லை. நானும் தீட்டியிருக்கிறேன். பெரியவர்களுக்குச் செய்ததில் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் கேட்டார்கள். குழந்தைகள் கேட்கவில்லை.

ஒரு விஷயம் சேர்க்கிறேன். கறுப்பு வெள்ளை உண்மையான நிறத்தைக் காட்டும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. அது ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. ஆரம்பகாலப் படச்சுருளுக்கும் தகட்டுக்கும் நீலமும் ஊதாவும்தான் தெரியும். 1873-இல் ஹெர்மன் வோகல் சாயம் சேர்த்துப் பச்சைக்கும் உணர்வு வரவழைத்தார். அதிலிருந்து வந்த ஆர்த்தோகுரோமேட்டிக் வகைக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு தெரியாவிட்டால் என்ன ஆகும்? உதடு கறுக்கும். தோலிலுள்ள ஒவ்வொரு மச்சமும் தேமலும் உரக்கப் பேசும். மிகப் பழைய படங்களில் எல்லோர் உதடும் மை பூசினாற்போல் இருப்பது அதனால்தான். எல்லா வண்ணத்துக்கும் உணர்வுள்ள பான்குரோமேட்டிக் வகை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகும் லென்ஸில் சிவப்பு ஃபில்டர் மாட்டினால் உதடு வெளுத்துப்போகும், பச்சை மாட்டினால் கறுக்கும். முகத்துக்கு நாங்கள் மாட்டியது மஞ்சள் கலந்த பச்சை ஃபில்டர். உதடும் கன்னமும் அதில் ஒழுங்காக நிற்கும்.

நீங்கள் கணினியில் இழுக்கும் ஸ்லைடர் அந்த ஃபில்டர்தான். ஒரு நாள் உட்கார்ந்து படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனலையும் தனித்தனியே பாருங்கள். சிவப்பு சேனலில் குழந்தை பால்போல் இருக்கும், கீறல்கூடத் தெரியாது. நீல சேனலில் தோல் இருண்டு, நகக்கீறல், உதட்டு வெடிப்பு, மூக்கொழுகிக் காய்ந்த தடம் உட்பட எல்லாம் தெரியும். பச்சை இரண்டுக்கும் நடுவே நிற்கும். என் கண்ணுக்குப் பெரும்பாலான குழந்தைமுகம் பச்சை சேனலில்தான் நேர்மையாக இருக்கிறது. அதிலிருந்து தொடங்கிச் சிவப்பை வேண்டுமளவு கலந்துகொள்ளுங்கள்.

வண்ணக்குடை:
ஐயா, அக்கா, இருவர் எழுதியதையும் நேற்றிரவு படித்தேன். மகன் படத்தைத் திறந்தேன். கழுத்துவரை ஒரு நிறம், சட்டைக் காலருக்குப் பக்கத்தில் வேறு நிறம். இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. ஆரஞ்சை பூஜ்யத்துக்கு இறக்கி, வெளிச்சம் போதாத பக்கத்தில் ஷேடோவை மட்டும் கொஞ்சம் தூக்கினேன். இப்போது அவன் அவனாக இருக்கிறான்.

ஒரு சந்தேகம். மகனும் அவன் அக்காவும் சேர்ந்திருக்கும் படம் ஒன்று. அவன் கறுப்பு, அவள் வெளுப்பு. எந்த ஸ்லைடரை அசைத்தாலும் ஒருவர் சரியானால் மற்றவர் கெட்டுப்போகிறார்.

ஓரவெளிச்சம்:
திறந்து பார்த்ததற்கு நன்றி தம்பி.

இரண்டு பேர் இருக்கும் படத்தில் ஸ்லைடரைக் கிட்டத்தட்ட தொடாமல் விடுங்கள். இருவருக்கும் உள்ள இடைவெளிதான் காப்பாற்ற வேண்டியது. வண்ணப் படத்தை ஒரு பக்கமும் கறுப்பு வெள்ளையை மறுபக்கமும் வைத்துக் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். வண்ணத்தில் அக்காவுக்கும் தம்பிக்கும் எவ்வளவு படி வித்தியாசமோ, அதே படி இங்கும் இருக்க வேண்டும். பிறகு ஒட்டுமொத்த எக்ஸ்போஷரைக் கறுத்த முகத்தை வைத்து முடிவுசெய்யுங்கள். வெளுத்த முகத்தில் ஹைலைட் (மிக வெளிச்சமான இடம்) அளவு தாண்டினால் அந்த இடத்தை மட்டும் மாஸ்கில் இறக்கலாம். தலைகீழாகச் செய்தால் தம்பியின் கண்ணும் முடியும் ஒரே கறுப்பாக அடைந்துவிடும், அங்கிருந்து எதையும் தோண்டி எடுக்க முடியாது.

ஒருவரே இருக்கும் படத்தில் எனக்கு அளவுகோல் உள்ளங்கை. கறுத்த குழந்தைக்குப் புறங்கைக்கும் உள்ளங்கைக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். படத்தில் அது குறைந்துவிட்டால் தோலை அளவுக்கு மீறி வெளுத்துவிட்டேன் என்று அர்த்தம்.

சாளரம்:
கண் விஷயம் இன்னும் தீரவில்லை. கவுனை நீலமாக்கும் யோசனை அற்புதமாக வேலைசெய்தது. ஆனால் கண்மணிக்கும் அதைச் சுற்றியுள்ள பழுப்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை. முழுக் கறுப்பு.

பிக்சல்பித்தன்:
பழுப்பு என்பதும் இருண்ட ஆரஞ்சுதான் அக்கா. தோலுக்காக ஆரஞ்சை இறக்கியிருந்தால் கண்ணும் கூடவே இறங்கியிருக்கும். சின்ன வட்ட மாஸ்க் ஒன்று பழுப்பு வளையத்தின் மேல் மட்டும் வைத்து எக்ஸ்போஷரை 0.3 தூக்குங்கள், கூடிப்போனால் 0.5. கண்ணின் வெள்ளையைத் தொடாதீர்கள். வெள்ளையை ஏற்றினால் குழந்தை பயந்து முழிப்பது மாதிரி ஆகிவிடும்.

ஓரவெளிச்சம்:
ஒன்று சேர்க்கிறேன். சன்னல் வெளிச்சம் கண்ணில் ஒரு சதுரமாக விழுந்திருக்கும். 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிச்சம் வந்த பக்கத்துக்கு நேர் எதிரே, பழுப்பு வளையத்தின் கீழ் ஓரத்தில், பிறைபோல ஒரு மெல்லிய ஒளி இருக்கும். முழு வளையத்தைத் தூக்குவதைவிட அந்தப் பிறையை மட்டும் தூக்கினால் கண் ஈரமாக, உயிரோடு தெரியும். அடுத்தமுறை எடுக்கும்போது அவள் முகத்தைச் சன்னல் பக்கம் இன்னும் நாலு விரல் திருப்ப ஒரு பொம்மையை அந்தப் பக்கம் ஆட்டுங்கள். அது எந்த மாஸ்கையும்விட மேல்.

பொடிநடை:
என்னிடம் கேமரா இல்லை, போன்தான். ரா எல்லாம் எடுப்பதில்லை. எனக்கு வழி உண்டா? குழந்தைக்கு எட்டு மாதம்.

பிக்சல்பித்தன்:
தாராளமாக உண்டு. முதலில், எடுக்கும்போது வண்ணத்திலேயே எடுங்கள். வடிகட்டியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம், தொலைந்த வண்ணத்தைத் திரும்ப வரவழைக்க முடியாது. ஸ்னாப்சீட் செயலியில் கறுப்பு வெள்ளைக் கருவிக்குள் வண்ண ஃபில்டர்கள் இருக்கின்றன, ஐயா சொன்ன அதே கதை. மஞ்சளிலும் பச்சையிலும் போட்டுப் பார்த்து, உதடும் கன்னமும் எதில் ஒழுங்காக நிற்கிறது என்று பாருங்கள். சிவப்பைக் குழந்தைக்குத் தவிருங்கள். போன் லைட்ரூமிலும் அதே எட்டு ஸ்லைடர் இருக்கிறது.

ரா இல்லாமல் ஜேபெக் என்ற சுருக்கிய வடிவில் எடுப்பதென்றால் ஒரு எச்சரிக்கை. ஜேபெக் படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. பெரும்பாலும் வண்ணத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்துத்தான் வைக்கிறது. வண்ணமாகப் பார்க்கும்போது தெரியாது. நீங்கள் ஸ்லைடரை 60, 70 என்று இழுக்கும்போது அந்தக் கட்டங்கள் கன்னத்தில் சதுரம் சதுரமாக எழும்பும். 20, 25-க்குள் நில்லுங்கள். அரட்டைச் செயலி வழியாக வந்த படம் இன்னும் சுருங்கியிருக்கும், அதில் வேலைசெய்யாதீர்கள். எடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

கேமராவில் ரா எடுப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான வசதி உண்டு. திரையில் மோனோகுரோம் என்று வைத்துக்கொண்டு எடுக்கலாம். திரை கறுப்பு வெள்ளையாகத் தெரியும், ரா கோப்பில் வண்ணம் முழுவதும் பத்திரமாக இருக்கும். கவுனா முகமா என்ற குழப்பம் எடுக்கும்போதே தெரிந்துவிடும்.

வண்ணக்குடை:
எல்லோரும் மாற்றும் வழியையே பேசுகிறோம். எதை மாற்றக்கூடாது என்றும் பேச வேண்டும். மகன் கையெல்லாம் வண்ணச் சாயம் அப்பிக்கொண்டு நிற்கும் படத்தை ஒருமுறை மாற்றினேன். ஏதோ சேற்றில் விழுந்தவன் மாதிரி ஆகிவிட்டான். படத்தின் சந்தோஷமே அந்த மஞ்சளும் நீலமும்தான். சாளரம் அக்காவின் ஆரஞ்சு கவுன்கூட, இருபது வருடம் கழித்து மகள் தேடப்போகும் பொருளாக இருக்கலாம்.

இருட்டறை:
ஒப்புக்கொள்கிறேன். மூலத்தை ஒருநாளும் அழிக்காதீர்கள்.

மாற்ற வேண்டிய படம் எது என்று எனக்கு ஒரு சோதனை உண்டு. அந்தப் படத்தை ஒருவரிடம் வார்த்தையால் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது வண்ணத்தின் பெயர் வந்தால் வண்ணத்திலேயே விடுங்கள். "முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து, கீழ் உதட்டில் எச்சில் மின்ன" என்று சாளரம் முதலில் எழுதினார். அதில் ஒரு வண்ணம்கூட இல்லை, "குறை என்னவென்றால்" என்று சொன்ன பிறகுதான் கவுன் வந்தது. அந்தப் படம் தானே கேட்கிறது.

ஓரவெளிச்சம்:
அழகாகச் சொன்னீர்கள் ஐயா.

பச்சிளம் குழந்தைக்கு மட்டும் என் கணக்கு கொஞ்சம் வேறு. பிறந்த முதல் வாரங்களில் தோல் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கால் ஊதா, முகம் சிவப்பு, வயிறு மஞ்சள். குழல்விளக்கும் குண்டுபல்பும் சேர்ந்த அறையென்றால் இன்னும் மோசம், எந்த வைட் பேலன்ஸும் இரண்டுக்கும் பொருந்தாது. அங்கே கறுப்பு வெள்ளை பெரிய வரம். சிவப்பையும் ஆரஞ்சையும் மஞ்சளையும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வைத்தால் தோல் ஒரே சீராகி, உள்ளங்காலின் ரேகையும் காதோரத்துப் பூனைமுடியும் வெளியே வரும்.

ஆனால் குழந்தையின் மஞ்சள் நிறத்தையோ தோல் தடிப்பையோ மருத்துவரிடம் காட்டுவதற்காக எடுத்த படத்தில் எதையும் தொடாதீர்கள். வண்ணம், வெளிச்சம், எதையும்.

சாளரம்:
பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். திரையில் சுத்தமான சாம்பலாக இருந்தது, தாளில் லேசான பச்சையாக வந்திருக்கிறது. கொஞ்சம் இருட்டாகவும் இருக்கிறது. மனது விட்டுப்போயிற்று. லேபில் கேட்டதற்கு "கோப்பில் உள்ளதுதான் வரும்" என்றார்கள்.

பிக்சல்பித்தன்:
லேப்கள் பெரும்பாலும் வண்ணத் தாளில்தான் கறுப்பு வெள்ளையையும் அடிப்பார்கள். அந்தத் தாளில் சாம்பல் என்ற சாயம் கிடையாது. சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் சரிசமமாக விழுந்தால்தான் சாம்பல். இயந்திரத்தின் சமநிலை துளி பிசகினாலும் பச்சையோ மெஜந்தாவோ எட்டிப்பார்க்கும். வண்ணப் படத்தில் அந்தத் துளி தெரியாது, சாம்பலில் கண் உடனே பிடித்துவிடும். சின்ன அளவில் ஒரு சோதனைப் பிரிண்ட் போட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இன்னொரு வழி, கோப்பிலேயே மிக லேசாகப் பழுப்புச் சாயல் கொடுத்துவிடுவது. அப்போது இயந்திரத்தின் சின்னப் பிசகு அதற்குள் ஒளிந்துகொள்ளும். வீட்டிலோ வேறிடத்திலோ இன்க்ஜெட்டில் அடிப்பதென்றால், கறுப்போடு சாம்பல் மைகளும் தனியாக உள்ள இயந்திரத்தைத் தேடுங்கள்.

இருட்டாக வந்ததற்குக் காரணம் உங்கள் திரை மிகப் பிரகாசமாக இருப்பது. பிரகாசத்தைப் பாதிக்குக் குறைத்து, பக்கத்தில் அந்தப் பிரிண்டையே வைத்து ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

இருட்டறை:
மேட் தாளா, கிளாஸியா? மேட் தாளில் கறுப்பு அவ்வளவு ஆழம் போகாது. அது குறை இல்லை, குழந்தைமுகத்துக்கு அந்த மென்மை பொருந்தும். ஆனால் திரையில் முழுக் கறுப்பாக இருந்த முடி அதில் அடர் சாம்பலாகத்தான் வரும் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். கிரெய்ன் (படச்சுருளில் இருப்பது போன்ற மணல் புள்ளி) சேர்ப்பதாக இருந்தால் பிரிண்ட் அளவுக்குக் கோப்பை மாற்றிய பிறகு சேருங்கள். முன்னால் சேர்த்தால் அளவு மாறும்போது குழைந்துவிடும்.

சாளரம்:
இரண்டாவது பிரிண்ட் வந்துவிட்டது. மேட், லேசான பழுப்புச் சாயல். ஆரஞ்சு 4, சிவப்பு 18, பச்சை மைனஸ் 30, கவுன் தனி லேயரில். உதட்டு எச்சில் புள்ளி தாளிலும் மின்னுகிறது. அம்மா கையில் வாங்கினார், இந்தமுறை எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

மகளிடம் காட்டினேன். "என் கவுன் எங்கே?" என்றாள். கவுன் இருக்கிறது, நிறம்தான் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வண்ணப் படத்தையும் ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன், அவளுக்கு. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இருட்டறை:
மகிழ்ச்சி அம்மா. இரண்டின் பின்பக்கமும் தேதியையும் வயதையும் எழுதிவிடுங்கள். பால்பாயின்ட் வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சில் போதும். பின்பக்கம் வழவழப்பாக இருந்து பென்சில் பிடிக்காவிட்டால் ஒரு காகித உறையில் எழுதி, மை காய்ந்த பிறகு படத்தை உள்ளே வையுங்கள். கவுன் ஆரஞ்சு என்பதையும் எழுதுங்கள்.